ஊர்க்கோழியின் காயமும் நோயும்: கண்டிச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

கண்டி நகரைச் சூழ்ந்த மலைச்சாரல்களில், பலாவும் மிளகும் செறிந்த வீட்டுத்தோட்டங்களிலும் தேயிலைத் தோட்ட லயன்களின் பின்புறங்களிலும் ஊர்க்கோழி வளர்ப்பு நெடுங்காலமாக நிலவி வருகின்றது. இதற்குப் பெருமுதல் வேண்டியதில்லை. இலங்கை ஊர்க்கோழிகளைப் பற்றி 1993 இல் வெளிவந்த ஆய்வொன்று, அவற்றின் இரைப்பையிற் காணப்பட்ட உணவில் ஏறத்தாழ 72 வீதம் வீட்டுக் கழிவுணவே என எடுத்துக்காட்டிற்று. முட்டை விற்ற பணமோ பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைப்பணமாகிப் பிள்ளைகளின் கொப்பிக்கும் பென்சிலுக்கும் உதவுகின்றது. ஆதலால் ஒரு கோழியின் சாவு அவ்வீட்டிற்குச் சிறிய இழப்பன்று.

கோழி நலிவுறும்போது நாம் செய்யும் முதற்பிழை, காயத்தையும் தொற்றுநோயையும் ஒன்றெனக் கருதுவதாகும். காயம் ஒரு கோழியின் துன்பம். தொற்றுநோய் அயலிலுள்ள கோழிகள் அனைத்தின் துன்பம். இவ்வேறுபாட்டை உணர்ந்தாலன்றிப் பராமரிப்பு பயன் தராது.

முதலிற் காயத்தை நோக்குவோம். நாய், கீரி என்பவற்றின் கடி இறகுகளுக்குள் மறைந்திருக்கும். காயத்தைச் சுற்றியுள்ள இறகைக் கத்தரித்துப் பார்த்தல் வேண்டும். குருதி ஒழுகின், தூய துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடித்தல் போதுமானது. பின்னர், கொதித்தாறிய அரை இலீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பிட்டு அதனாற் கழுவுதல் நன்று. மண்ணெண்ணெய் ஊற்றும் வழக்கம் தசையைப் புண்ணாக்குமாதலின் தவிர்க்கத் தக்கது. சிவந்த புண்ணைக் கண்டால் ஏனைய கோழிகள் கொத்துமாதலால், காயமுற்றதைத் தனிக்கூடையில், உலர்ந்த சாக்கின்மேல், நீரும் தீனியும் வைத்துக் காத்தல் வேண்டும். ஈ முட்டையிட்டுப் புழு வைக்காதவாறு நாள்தோறும் புண்ணைப் பார்த்தலும் அவசியம். இவ்வாறு பேணப்படும் கோழிகள் பல வியக்கத்தக்க அளவு விரைவிற் குணமடைகின்றன.

நோயின் இயல்பு வேறு. மழை மிகுந்த இப்பிரதேசத்தில் கூட்டின் தரை ஈரமாக இருப்பின், குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் எளிதில் உண்டாகும். உலர்ந்த தரையும், மிருக வைத்தியர் கூறும் மருந்தும் இதனைக் கட்டுப்படுத்தும். நுளம்பினாலும் பரவும் அம்மை நோயிற் கொண்டையிலும் முகத்திலும் பொருக்குகள் தோன்றும். வாயினுள்ளும் தொண்டையிலும் பரவாதவிடத்துப் பெரும்பாலானவை சில வாரங்களிற் தேறும். ஆனால் மூச்சுத் திணறல், பச்சை நிறக் கழிச்சல், கழுத்துத் திருகல், இறகும் காலும் செயலிழத்தல் ஆகியவை தோன்றின் இராணிக்கெட் நோய் என ஐயுறல் வேண்டும். 1926 இல் சாவகத்திலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் அறியப்பட்ட இவ்வைரசு நோய், 1927 இல் இந்தியாவின் இராணிக்கெட் மலைநகரில் இனங்காணப்பட்டமையால் இப்பெயரைப் பெற்றது. இதனைக் குணப்படுத்தும் மருந்து யாதுமில்லை. தடுப்பு மருந்து பெறாத கோழிகள் ஏறக்குறைய முற்றாக அழிதலும் உண்டு.

இவ்விடத்தில் நம்மவர் செய்வது யாது? நோயுற்ற கோழியை விரைந்து விற்றுவிடுகின்றனர். அல்லது அறுத்துச் சமைத்து, இறகையும் குடலையும் வேலியோரத்தில் எறிகின்றனர். இறந்ததை ஓடையில் விடுகின்றனர். வறுமை இதற்குக் காரணமாதலை நாம் அறிவோம். எனினும் இம்மூன்றும் நோயை அயல் வீட்டிற்குக் கொண்டு செல்லும் வழிகளே. நோயுற்றதைப் பிரித்து வைத்தல், இறந்ததைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்தல், கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல், புதிதாக வாங்கிய கோழியை மூன்று வாரம் தனியே வைத்தல் ஆகியவை செலவற்ற காப்புகள்.

உண்மையான காப்பு, நோய் வருமுன் இடும் தடுப்பு மருந்தே. பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனமும், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடமும் இருப்பது கண்டி மக்களின் நற்பேறு. ஆயினும் ஒரு தடை உண்டு. மருந்துக் குப்பியொன்று பெரும்பாலும் நூறு கோழிகளுக்கோ அதற்கு மேற்பட்டவற்றிற்கோ போதுமானது. அதனைக் குளிரிற் பேணல் வேண்டும். கரைத்தபின் சில மணி நேரத்துள் பயன்படுத்தல் வேண்டும். ஐந்து கோழி வளர்ப்பவர் தனித்து இதனைச் செய்தல் அரிது. ஒரு லயத்தின் இருபது வீட்டார் ஒரே நாளிற் கூடிப் பிரதேச மிருக வைத்திய அலுவலகத்தை நாடின் அது எளிதாகும்.

காயமுற்ற கோழிக்கு ஒரு வீட்டின் பரிவு போதும். நோயைத் தடுப்பதற்கோ அயலவர் அனைவரின் ஒற்றுமை வேண்டும். வேலியை மதியாது மேயும் ஊர்க்கோழியை, வேலிக்குள் நின்று காத்தல் இயலாது.