முதுமையைத் தள்ளிப்போடுமா மெட்ஃபார்மின்?

புதுதில்லி: நீரிழிவு நோயாளிகள் அன்றாடம் உட்கொள்ளும் மலிவான மாத்திரை மெட்ஃபார்மின். அது முதுமையின் வேகத்தையும் குறைக்கக்கூடும் என்ற நம்பிக்கையை, மூப்படைந்த குரங்குகளிடம் சீனாவில் நடத்தப்பட்ட சோதனை ஏற்படுத்தியுள்ளது.

உயிரணுவுக்குத் தேவையான ஆற்றலை உற்பத்தி செய்வது மைட்டோகாண்ட்ரியா. வயது ஏற ஏற அதன் திறன் குறைவது, உடல் தளர்ச்சிக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. மெட்ஃபார்மின் செயல்படும் இடங்களில் மைட்டோகாண்ட்ரியாவும் ஒன்று.

சீன அறிவியல் அகாதெமியின் விஞ்ஞானிகள், 12 முதிய ஆண் குரங்குகளுக்கு இம்மருந்தை 40 மாதங்கள் தினந்தோறும் அளித்தனர். 2024-ஆம் ஆண்டு 'செல்' இதழில் முடிவுகள் வெளியாயின. அவற்றின்படி, பல உறுப்புகளில் மூப்பின் அடையாளங்கள் குறைந்தன. மூளை ஏறத்தாழ 6 ஆண்டுகள் இளமையுடன் இருந்ததாகக் கணிக்கப்பட்டது. நினைவாற்றலும் மேம்பட்டது.

எனினும், இதைக் கொண்டு முடிவுக்கு வருவதற்கில்லை. சோதிக்கப்பட்டவை சில குரங்குகளே. பெண் குரங்கு ஒன்றுகூட இல்லை. இந்திய முதியோரில் பெண்களே அதிகம். ஆயுள் நீண்டதா என்பதும் அளவிடப்படவில்லை.

குரங்குச் சோதனைகள் முரண்படுவதும் உண்டு. உணவைக் குறைத்தால் குரங்குகளின் ஆயுள் நீளும் என அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வு 2009-இல் கூறியது. நீளவில்லை என அந்நாட்டின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் 2012-இல் அறிவித்தது. உணவு வகையும், சோதனை தொடங்கிய வயதும் வேறுபட்டதே காரணம் என 2017-இல்தான் இரு தரப்பும் இணைந்து விளக்கின.

ஆகவே, மனிதர்களிடம் முறையான சோதனை அவசியம். ஆனால், காப்புரிமைக் காலம் முடிந்துவிட்ட மருந்தில் பெருநிறுவனங்களுக்கு லாபம் இல்லை. 65 முதல் 79 வயது வரையிலான 3,000 பேரிடம் மெட்ஃபார்மினைச் சோதிக்க அமெரிக்காவில் வகுக்கப்பட்ட திட்டம், நிதிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

இந்தியாவுக்கு இது அயல்நாட்டு விவகாரம் அல்ல. ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 2022-இல் 14.9 கோடி, 2050-இல் இது 34.7 கோடியாக உயரும். இவர்களில் பெரும்பாலோருக்கு விலையுயர்ந்த மருந்துகள் எட்டாக்கனி. மலிவான மருந்து உண்மையில் பலன் தருமா என்பதை அறியும் பொறுப்பைச் சந்தையிடம் விட்டுவிட முடியாது; அரசே முன்வர வேண்டும்.

அதுவரை, மருத்துவர் ஆலோசனையின்றி இம்மாத்திரையை நாடுவது ஆபத்து. வைட்டமின் பி12 குறைபாட்டை அது உண்டாக்கக்கூடும். சிறுநீரகம் பழுதுபட்டோருக்குக் கேடும் விளைவிக்கலாம்.