சாரல் ஓய்ந்தபின் குற்றாலத்து வானம்

ஆனி, ஆடியில் குற்றாலம் வருகிறவர்களுக்கு விண்மீன் கண்ணில் படுவது அபூர்வம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியே தள்ளிக்கொண்டு வரும் மேகம் தலைக்கு மேலேயே நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. ஆகவே பிள்ளைகளுக்கு வானம் காட்ட நினைக்கும் குடும்பம் தை பிறந்தபின் வர வேண்டும். அருவிகளில் தண்ணீர் குறைந்திருக்கும், கூட்டமும் இருக்காது. தை அமாவாசையை ஒட்டிய இரவுகள் மிக நல்லவை.

வானம் பார்க்கக் குற்றாலத்தை ஒட்டிய தென்காசிக்கு வாய்த்த பெரிய வசதி அதன் இருப்பிடம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 9 டிகிரியில் இருப்பதால், வடக்கே துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து ஒரு முட்டிக்கை உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்; தெற்கு வானமோ விரியத் திறந்து கிடக்கும். பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிக்கு மேல் தெற்கே பார்த்துக் கையை நீட்டிச் சாண் போடுங்கள். அடிவானத்திலிருந்து ஒன்றரைச் சாண் உயரத்தில் பளிச்சென்று நிற்பது அகத்தியர் நட்சத்திரம். இரவு வானில் சிரியசுக்கு அடுத்துப் பிரகாசமானது இதுதான். லண்டனில் இருப்பவர்களுக்கு இது உதிப்பதே இல்லை. டெல்லியில் தரையைத் தொட்டாற்போல் தெரியும். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: தென்காசியிலிருந்து பொதிகை மலை, அதாவது அகத்தியர் மலை, ஏறக்குறைய நேர் தெற்கே, சற்றே மேற்காக இருக்கிறது. அகத்தியர் நட்சத்திரம் உச்சியைத் தாண்டிச் சாயும்போது அகத்தியர் மலை இருக்கும் திசைக்கு நேர் மேலே வருகிறது. இதைவிட நல்ல வானியல் பாடத்தை எந்த ஊர் தரும்?

திருவாதிரையும் இந்த ஊருக்கு உறவுதான். மார்கழித் திருவாதிரைக்குக் குற்றாலத்துச் சித்திர சபையில் தாண்டவ தீபாராதனை நடக்கிறது. அந்த விண்மீனை வானத்தில் அடையாளம் காட்டத் தெரிந்தவர்கள் குறைவு. மாசி மாத முன்னிரவில், வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்கு வடக்கே செம்மஞ்சளாகத் தெரிவது அதுவே. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் சுற்றுப்பாதையையும் விழுங்கிவிடும். 2019 இறுதியிலிருந்து 2020 பிப்ரவரி வரை அது வெறுங்கண்ணுக்கே தெரியுமளவு மங்கியது. தானே உமிழ்ந்த தூசு மறைத்ததுதான் காரணம் என்று வானியலாளர்கள் பின்னர் விளக்கினார்கள்.

இதையெல்லாம் கைபேசிச் செயலி காட்டாதா என்று கேட்பார்கள். பெயரைக் காட்டும். ஆனால் ஓரியன் நெபுலாவைத் தொலைநோக்கியில் பார்க்கும் பிள்ளை, “படத்தில் சிவப்பாக இருந்ததே, இங்கே சாம்பல் நிறமாக இருக்கிறதே” என்று கேட்கும்போது, மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரித்தறிய முடியாது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில், 1986இல் தொடங்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி உள்ள ஆய்வகத்தில், சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதித்து, வானம் தெளிந்திருந்தால் சிறிய தொலைநோக்கி வழியே காட்டும் வழக்கம் உண்டு. நமக்குப் பக்கத்தில் திருநெல்வேலி கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. வான்நோக்கு நிகழ்ச்சி எப்போது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு புறப்படுவது நல்லது. குற்றாலத்து விடுதிக்காரர்கள் இப்படி வானத்தை விளக்கிச் சொல்லத் தெரிந்த ஒருவரை மாதம் ஓர் இரவு அழைத்து வரலாம். சாரல் மூன்று மாதத்தை மட்டும் நம்பிக்கிடக்கும் ஊருக்கு அது பிழைப்பும் ஆகும்.

இடம் முக்கியம். பேரருவிப் பக்கம் விளக்கு வெளிச்சம், மேற்கே மலை மறைப்பு. இரவில் காட்டுக்குள் போகவே கூடாது. கிழக்கே சுந்தரபாண்டியபுரம், சுரண்டை வயல்வெளிப் பக்கம், தெரிந்தவர் தோட்டமாகப் பார்த்து, அனுமதி கேட்டு உட்காருங்கள். பாயும் போர்வையும் போதும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடமாகும். நடுவே ஒருமுறை கைபேசித் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

பள்ளி விடுமுறைக்குத்தான் வர முடியும் என்றால், மே நடுவில், மேகம் இல்லாத இரவில் 9 மணிக்கு மேல் தெற்கே ஒரு சாண் உயரத்தில் தென்சிலுவை நிற்கும். அதற்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான விண்மீன்கள்; தொலைவாக இடப்புறம் இருப்பது ஆல்ஃபா சென்டாரி, சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீன் அமைப்பு.