அத்திப்பள்ளி தாண்டலாம், கடல் தாண்டினால்? வெளிநாட்டில் மொபைல் வழி பணம் செலுத்துவது எப்படி?

ஓசூர் சிப்காட் பகுதியில் வேலை பார்ப்பவர்களுக்கு மாநில எல்லை என்பது தினசரி விஷயம். காலையில் ஜூஜூவாடியில் டீ. மாலையில் அத்திப்பள்ளியில் காய்கறி. கடைப் பலகையில் எழுத்து தமிழிலிருந்து கன்னடத்திற்கு மாறிவிடும். மேஜையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோட் மட்டும் மாறுவதில்லை. அதே மொபைல், அதே அப்ளிகேஷன், அதே பின் எண்.

இந்தப் பழக்கத்திலேயே பலரும் பெங்களூரு வந்து, சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் விமானம் ஏறிவிடுகின்றனர். அங்கே போய் ஸ்கேன் செய்தால் பணம் போக மறுக்கிறது. கணக்கில் பணம் இருக்கிறது, இன்டர்நெட் இருக்கிறது, ஆனால் சாப்பிட்டதற்குக் கொடுக்க வழியில்லை. இந்த நிலை வராமல் இருக்க, கிளம்பும் முன்னரே செய்திட வேண்டிய சில வேலைகள் உள்ளன. அவற்றை இங்கு காணலாம்.

ஏன் மறுக்கிறது?

யுபிஐ என்பது நம் நாட்டு வங்கிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு வலைப்பின்னல். என்பிசிஐ என்னும் தேசிய பணப்பட்டுவாடா கழகம் இதனை 2016ல் தொடங்கியது. கிருஷ்ணகிரியில் உள்ள கடையும் பெங்களூருவில் உள்ள கடையும் இந்த வலைப்பின்னலுக்குள் இருப்பதால் பணம் சில நொடிகளில் போய்ச் சேருகிறது. வெளிநாட்டுக் கடைக்காரரின் வங்கி இதற்கு வெளியே உள்ளது. எனவே அந்த நாட்டின் அமைப்புடன் தனியே ஒப்பந்தம் வேண்டும். இதற்கென்றே 2020ல் என்பிசிஐ இன்டர்நேஷனல் என்ற துணை நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. ஒப்பந்தம் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால், கிடைக்கும் வசதியும் வேறுபடும்.

எந்த நாட்டில் என்ன வசதி?

பூட்டான்: 2021 ஜூலையில் நமது யுபிஐ க்யூஆர் முறையை முதலில் ஏற்ற நாடு.

நேபாளம்: 2024 மார்ச் முதல், போன்பே என்ற அந்நாட்டு நிறுவனத்தின் க்யூஆர் கோட் உள்ள கடைகளில் செலுத்தலாம். நம் ஊர் போன்பே அப்ளிகேஷன் வேறு; இது வேறு. பெயர் ஒலிப்பதை வைத்துக் குழம்பிட வேண்டாம்.

இலங்கை, மொரீஷியஸ்: 2024 பிப்ரவரி 12ல் இரு நாடுகளிலும் தொடங்கியது. இலங்கையில் லங்கா க்யூஆர் என்ற அடையாளத்தைத் தேடுங்கள்.

ஐக்கிய அரபு அமீரகம்: மஷ்ரெக் வங்கியின் நியோபே மெஷின் உள்ள கடைகளில் செலுத்தலாம்.

பிரான்ஸ்: 2024 பிப்ரவரியில் பாரிஸ் ஈபிள் கோபுர டிக்கெட் விற்பனையில் தொடங்கியது.

சிங்கப்பூர்: இங்கு இரண்டு வசதிகள். தேர்ந்தெடுத்த கடைகளில் ஸ்கேன் செய்து செலுத்துவது ஒன்று. அங்குள்ள உறவினருக்கே பணம் அனுப்புவது இன்னொன்று. இந்த இரண்டாவது வசதி, அந்நாட்டு பேநவ் அமைப்புடன் 2023 பிப்ரவரி 21ல் இணைக்கப்பட்டதால் வந்தது. பணம் அனுப்பும் வசதியைத் தொடக்கத்திலேயே தந்த நான்கு வங்கிகளில் இந்தியன் வங்கியும், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் உண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். மற்ற நாடுகளில் பெரும்பாலும் கடைக்குத்தான் செலுத்த முடியும். டாக்சி டிரைவரின் மொபைல் எண்ணுக்கு அனுப்பி வைப்பது போன்ற நம் ஊர் வழக்கம் அங்கு நடக்காது.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

1. உங்கள் அப்ளிகேஷனைத் திறந்து, உங்கள் படம் அல்லது பெயர் உள்ள இடத்தில் தொடவும். அங்கு பேமெண்ட் செட்டிங்ஸ் பிரிவில் யுபிஐ இன்டர்நேஷனல் என்ற ஆப்ஷனைத் தேடவும். இது வழக்கமாக இயக்கப்படாமலேயே இருக்கும்.

2. வங்கிக் கணக்கைத் தேர்ந்தெடுத்து, பயணம் தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் கொடுத்து, பின் எண் தந்து இயக்கவும். உங்கள் வங்கி பட்டியலில் இல்லை எனில் இந்த வசதி உங்களுக்குக் கிடைக்காது. இதனை ஓசூரிலேயே தெரிந்து கொள்வது நல்லது.

3. இந்திய சிம் கார்டைக் கழற்ற வேண்டாம். யுபிஐ அப்ளிகேஷன் உங்கள் சிம்முடன் இணைக்கப்பட்டது. சிம்மை எடுத்துவிட்டால் மீண்டும் பதிவு செய்யச் சொல்லலாம். அதற்கு அந்த எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும். உள்ளூர் சிம்மை இரண்டாவது இடத்தில் போட்டு, அதில் இன்டர்நெட் பயன்படுத்தலாம். ரோமிங் வசதியை முன்னதாகவே இயக்கி வையுங்கள்.

4. பயணத்தின்போது மொபைலை மாற்றுவது, ரீசெட் செய்வது, அப்ளிகேஷனை நீக்குவது போன்ற எதையும் செய்திட வேண்டாம்.

ஸ்கேன் செய்தவுடன் அந்நாட்டுப் பணத்தில் தொகையும், அதற்கு ஈடான ரூபாயும் திரையில் காட்டப்படும். நாணய மாற்றுக்கான கட்டணமும் சேரலாம். ரூபாய் தொகையைப் படித்த பின்னரே பின் எண் கொடுங்கள்.

யுபிஐ இல்லாத இடத்தில்?

மெஷின் பயிற்சிக்காகச் சீனா செல்லும் தொழிற்சாலை ஊழியர்கள் உண்டு. அங்கு கடைகளில் அலிபே, வீசாட் பே இரண்டும்தான் அதிகம். வெளிநாட்டவர் இவற்றில் தங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டு கார்டை இணைத்துக் கொள்ளலாம். அலிபேயில் இப்படிச் செலுத்தும்போது 200 யுவானுக்கு மேற்பட்ட தொகைக்கு 3 சதவீதக் கட்டணம் உண்டு. கார்டை இணைக்க ஓடிபி எண் உங்கள் இந்திய மொபைலுக்கு வரும் என்பதால் இந்த வேலையையும் வீட்டிலேயே முடித்து விடுங்கள்.

கார்டிலும் ஒரு பூட்டு உள்ளது. ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபரிலிருந்து புதிய கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து தரப்படுகின்றன. வங்கி அப்ளிகேஷனில் கார்டு செட்டிங்ஸ் சென்று வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்கள்தான் இயக்க வேண்டும். கடை மெஷின் ரூபாயா, உள்ளூர்ப் பணமா என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குச் சாதகமாக இருக்காது.

வேலைக்கே சென்று தங்குபவர்களுக்கு

சிங்கப்பூர், அமீரகம், கத்தார், ஓமன், சவுதி உள்ளிட்ட 10 நாடுகளின் மொபைல் எண்களை என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளின் யுபிஐக்குப் பயன்படுத்திட 2023 ஜனவரியில் என்பிசிஐ வழி செய்தது. கிருஷ்ணகிரியில் உள்ள பெற்றோரின் மின்கட்டணத்தை மகன் துபாயிலிருந்தே கட்டலாம். இதற்கு அந்த வெளிநாட்டு எண் வங்கியில் பதிவாகியிருக்க வேண்டும்.

பாதுகாப்பு

பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பணத்தைத் திருப்பித் தருகிறோம், பின் எண் போடுங்கள் என்று யார் சொன்னாலும் அது மோசடி. 1800ல் தொடங்கும் இலவச எண்கள் வெளிநாட்டிலிருந்து பொதுவாகக் கிடைப்பதில்லை. எனவே +91ல் தொடங்கும் வங்கி உதவி எண்ணைக் குறித்து வைத்திடுங்கள். ஊர் திரும்பியதும் யுபிஐ இன்டர்நேஷனல், கார்டின் வெளிநாட்டுப் பயன்பாடு இரண்டையும் மீண்டும் நிறுத்தி விடுங்கள்.

மொபைலில் சார்ஜ் தீர்ந்தால் எல்லா வசதியும் தீர்ந்தது. ஆகவே ஒரு கார்டும், இரண்டு நாள் செலவுக்கு அந்நாட்டு நோட்டும் பர்ஸில் தனியே இருக்கட்டும். விமானம் ஏறும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே இந்த வேலைகளைச் செய்து பாருங்கள். ஏதேனும் தடை வந்தால் வங்கிக் கிளைக்கு நேரில் போய்க் கேட்க நேரம் இருக்கும்.