காலி பாக்கெட் ஐந்து கொடுத்தால் புதுசு ஒன்று!

செஞ்சியில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை. பொழுது விடிவதற்குள் பேரம் களைகட்டிவிடும். ஆடு விற்ற பணத்தை மடியில் முடிந்துகொண்டு ஊர் திரும்புகிறவர்கள், பெட்டிக்கடை முன்பு ஒரு நிமிடம் நிற்பார்கள். தோரணம்போலத் தொங்கும் சரத்திலிருந்து நாலு ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அந்தக் குட்டிப் பாக்கெட்டின் கதை இந்த மண்ணில் நடந்தது. இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் செஞ்சி, 1993 வரை கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்தக் கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன்.

பணக்காரர் வாங்குவதைக் கூலித் தொழிலாளியும் வாங்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அப்போது ஷாம்பு பாட்டிலில்தான் வரும். அன்றாடக் கூலி வாங்குகிறவர் ஒரு பாட்டிலுக்கு மொத்தமாகப் பணம் போட முடியுமா? ஒரு குளியலுக்கு வேண்டியதை மட்டும் கொடுத்தால் முடியும். உள்ளே இருக்கிற சரக்கு பழசுதான். ஆனால், அளவும் விலையும் மாறியதும் அது புதுப் பொருளாகிவிட்டது. அவருடைய குடும்பத்தின் ‘வெல்வெட்’ ஷாம்பு பாக்கெட் ஊர் ஊராகப் போனது.

15,000 ரூபாயில் ஒரு தொடக்கம்

சின்னிகிருஷ்ணனின் மகன்களில் ஒருவர் சி.கே.ரங்கநாதன். படிப்பு சுமார், புறாவும் மீனும் வளர்ப்பதில்தான் ஆர்வம் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தந்தை மறைந்தபின் சகோதரர்களோடு சில காலம் தொழில் செய்தார். கருத்து வேறுபாடு வந்தது, வெளியேறினார். கையிருப்பு 15,000 ரூபாயோடு 1983-ல் தனியாகத் தொடங்கினார். ஷாம்புவுக்கு அவர் வைத்த பெயர் ‘சிக்’. சின்னிகிருஷ்ணன் என்ற தந்தையின் பெயரைச் சுருக்கி எடுத்த பெயர் அது.

பாக்கெட்டில் ஷாம்பு என்பது அப்போது புதிதல்ல. சொந்த வீட்டு வெல்வெட்டே எதிரே நின்றது. அப்படியானால் சிக் எப்படி ஜெயித்தது?

தலையைத் தடவிப் பாருங்கள்!

ஷாம்பு போட்டே பழகாத கிராமங்களுக்கு ஆட்களோடு போனார்கள். ஒரு பள்ளிக்கூடப் பையனை எல்லோர் முன்னிலையிலும் உட்காரவைத்துத் தலை அலசிவிட்டார்கள். ‘தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க’ என்று கூட்டத்திடம் விட்டார்கள். ரஜினி படம் போட்டு, நடுவில் விளம்பரமும் காட்டினார்கள். பாக்கெட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள்.

அடுத்து வந்ததுதான் பெரிய யோசனை. எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொண்டு வந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். அடுத்த கம்பெனியின் வாடிக்கையாளர் தானாக வந்து சிக்கைப் போட்டுப் பார்த்தார். கொஞ்ச காலம் கழித்து, ‘சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்’ என்று திட்டத்தை மாற்றினார்கள். பழகிய கை சிக்கையே கேட்டது. மல்லிகை, ரோஜா மணங்கள் வந்தன. நடிகை அமலா விளம்பரத்தில் வந்தார். ஆயிரங்களில் இருந்த மாத விற்பனை லட்சங்களுக்கு ஏறியது. அந்தச் சிறிய கம்பெனிதான் 1998-ல் ‘கெவின்கேர்’ என்று பெயர் மாறியது.

பெரிய நிறுவனங்களும் பாக்கெட் வழிக்கு வந்தன. கோவையில் பிறந்த நிர்வாகவியல் பேராசிரியர் சி.கே.பிரகலாத், ஏழைகளையும் மதிக்க வேண்டிய வாடிக்கையாளர்களாகப் பார்க்கச் சொல்லி 2004-ல் எழுதிய புத்தகத்தில் இந்தப் பாக்கெட் வியாபாரத்தையும் எடுத்துப் பேசினார்.

செஞ்சிக்கு என்ன?

2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் சேர்ந்த 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஏதாவது செய்து விற்கலாமா என்று உள்ளூரில் யாராவது யோசித்தால், முதல் கேள்வி ‘என்ன செய்யலாம்?’ என்பதல்ல. ‘வாங்குகிறவர் கையில் எவ்வளவு இருக்கிறது, அவருக்கு எவ்வளவு தேவை?’ என்பதுதான். வேர்க்கடலை மிட்டாயோ மூலிகைப் பொடியோ, ராஜகிரி ஏறி இறங்கிக் களைத்தவர் கைப்பையில் அடங்கும் அளவில் இருக்கட்டும். முதலில் பத்துப் பேர் கையில் இலவசமாகக் கொடுத்து, அவர்கள் சொல்கிற குறையைக் காது கொடுத்துக் கேளுங்கள். விளம்பரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பல அடுக்காக ஒட்டிச் செய்த அந்தக் குட்டிப் பாக்கெட்டை மறுசுழற்சி செய்வது கடினம். குளித்து முடித்ததும் அது சாக்கடைக்கும் ஏரிக்கும் போகிறது. மக்கவும் மக்காது. ஆனால், அன்று அந்தக் காலி பாக்கெட்டுக்கு ஒரு விலை இருந்தது. பிள்ளைகள் அதைப் பொறுக்கிச் சேர்த்துக் கடைக்கு எடுத்துப் போனார்கள். காலி பாக்கெட்டுக்கு மறுபடி ஒரு விலை கிடைக்கும்படி யோசிக்கிறவர் யாரோ, அவரிடம் அடுத்த நல்ல பொருள் இருக்கிறது. அவர் செஞ்சிக்காரராக இருந்தால் நமக்கு இன்னும் மகிழ்ச்சி!