காட்டு மடாலயங்களில் தொண்டர் பணி: அறிந்துகொள்ள வேண்டியவை

சிட்னி நகருக்கு வடமேற்கே, ஹாக்ஸ்பரி ஆற்றுக்கு அப்பால், தாருக் தேசியப் பூங்காவின் காட்டு நிலம் சூழ ‘வாட் புத்த தம்ம’ என்னும் பௌத்த மடாலயமும் தியான நிலையமும் அமைந்துள்ளன. அய்யா கேமா அம்மையாரும் பிக்கு கந்திபாலோவும் 1978ஆம் ஆண்டில் இதனை நிறுவினர். இத்தகைய காட்டு மடாலயங்கள் தொண்டர்களின் உழைப்பை நம்பியே இயங்குகின்றன.

தொண்டர்கள் ஏன் தேவை?

தேரவாத பௌத்த மரபின் விநய விதிகளின்படி, பிக்குகள் மண்ணைத் தோண்டவோ செடிகொடிகளை வெட்டவோ கூடாது. பணத்தைக் கையாளவும் கூடாது. பிறர் கையால் வழங்கும் உணவையே நண்பகலுக்கு முன் உட்கொள்வர். ஆகவே சமையல், புதர் வெட்டுதல், பாதை செப்பனிடுதல் ஆகியவை இல்லறத்தாரின் பொறுப்பாகின்றன. நம்மில் சிலர் ‘சிரமதானம்’ என்றும், வேறு சிலர் கோயில்களில் ‘உழவாரப்பணி’ என்றும் அறிந்த தொண்டினை ஒத்ததே இப்பணி.

காலம் தவறாமை ஏன் முக்கியம்?

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் காட்டுத்தீ அபாயக் காலம் பொதுவாக அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை நீடிக்கிறது. யூக்கலிப்டஸ் மரங்களின் உலர்ந்த இலைகளும் பட்டைகளும் கூரையோர மழைநீர்ப் பீலிகளில் தேங்குகின்றன. காற்றில் பறந்து வரும் தணல் அவற்றில் விழுந்தால், தீ நெருங்குவதற்கு முன்னரே கட்டடம் பற்றிக்கொள்ளக்கூடும். எனவே குளிர்காலம் முடிவதற்குள் பின்வரும் பணிகள் நிறைவுபெறுவது அவசியம்:

• கூரையையும் பீலிகளையும் துப்புரவு செய்தல்
• கட்டடங்களைச் சுற்றியுள்ள சருகு, விழுந்த கிளை ஆகியவற்றை அகற்றுதல்
• தண்ணீர்த் தொட்டி, பம்பு, குழாய்களைச் சரிபார்த்தல்

அபாயக் காலத்தில் திறந்தவெளியில் சருகுகளை எரிப்பதற்கு அனுமதிப் பத்திரம் தேவை.

செல்லும் முன்

• பௌத்தர் அல்லாதோரும் உதவ இயலுமா என்பதையும், பணி நாட்களையும், தொண்டர்களுக்கான விபத்துக் காப்பீட்டையும் நிலையத்திடம் கேட்டறிக.
• இரவு தங்குவோர் எட்டுச் சீலங்களைக் கடைப்பிடிக்குமாறு கோரப்படலாம். அவற்றுள் ஒன்று, நண்பகலுக்குப் பின் உணவு உண்ணாமை. நீரிழிவு உள்ளவர்களும் உணவோடு மருந்து உட்கொள்வோரும் இது குறித்து மருத்துவரிடம் ஆலோசித்து, நிலையப் பொறுப்பாளருக்கும் முன்கூட்டியே தெரிவிப்பது நன்று.
• மூடிய காலணி, முழுக்கை ஆடை, கையுறை அணிக. உண்ணி, அட்டை, பாம்பு ஆகியவை குறித்து எச்சரிக்கை தேவை.
• ஏணியில் ஏறிப் பழக்கமில்லாதோர் தரையில் செய்யும் பணிகளைக் கேட்டுப் பெறுக.
• காட்டுப் பள்ளத்தாக்குகளில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காமற் போகலாம். செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் கூறிச் செல்க.
• வைஸ்மன்ஸ் ஃபெரியில் ஆற்றைக் கடக்கும் வாகனப் படகுக்குக் கட்டணம் இல்லை. வெள்ளக் காலத்தில் சேவை நிறுத்தப்படலாம்.

தீ அபாய நிலை

மிதமானது, உயர்ந்தது, மிகத் தீவிரமானது, பேரழிவானது என நான்கு நிலைகள் அறிவிக்கப்படுகின்றன. ‘பேரழிவானது’ என அறிவிக்கப்பட்ட நாளில் காட்டுப் பகுதிக்குச் செல்ல வேண்டாம். பணி நாளை ஒத்திவைக்குக.

உதவி எண்கள்

உயிராபத்து: 000
காட்டுத்தீ தகவல்: 1800 679 737
தமிழில் பேச, மொழிபெயர்ப்புச் சேவை: 131 450