வெட்கத்தால் மறைக்க வேண்டாம்: வால் எலும்பருகே வரும் முடிப் புண்

நாள் முழுவதும் தையல் மெஷின் முன் இருந்து உழைக்கும் ஒரு சகோதரியை எண்ணிப் பாருங்கள். வால் எலும்பருகே நோகிறது. உள்ளாடையில் சீழும் இரத்தமும் படிகின்றன. "அந்த இடத்தை யாரிடம் காட்டுவது?" என்று மாதக்கணக்கில் மறைக்கிறார். இதனை மூலவியாதி என்று எண்ணி மருந்து பூசுவோரும், பழைய ஷெல் காயத்தின் மிச்சம் என்று விட்டுவிடுவோரும் உண்டு.

இது என்ன நோய்?

வைத்தியர்கள் இதனை பைலோனிடல் சைனஸ் என்பர். பைலோனிடல் என்றால் முடிக்கூடு. அமெரிக்க வைத்தியர் ஹொட்ஜஸ் 1880இல் இப்பெயரை இட்டார். உதிர்ந்த முடி, பிட்டங்களுக்கு இடையிலான பிளவில் தோலைத் துளைத்து உட்செல்கிறது. அங்கு கிருமி தொற்றிச் சீழ் பிடிக்கிறது. பருவமடைந்த பின்னர் 40 வயது வரை இது கூடுதலாக வரும். ஆண்களிடம் அதிகமென்றாலும் பெண்களுக்கும் வருவதுண்டு. இது தொற்றுநோயல்ல, ஒழுக்கக்கேட்டால் வருவதுமல்ல.

வெட்டாமலே மாற்றலாமா?

இரண்டாம் உலகப் போரில் ஏறக்குறைய 80,000 அமெரிக்கப் படையினர் இந்நோயால் வைத்தியசாலையில் சேர்ந்தனர். ஜீப்பில் குலுங்கிச் சென்றோருக்கு வந்ததால் 'ஜீப் நோய்' என்றும் அழைத்தனர். பலருக்குச் சதையை ஆழமாக வெட்டியகற்றினர். புண் ஆறப் பல வாரங்கள் சென்றன.

பின்னர் அமெரிக்க இராணுவ வைத்தியசாலை ஒன்றில் வேறு வழியைக் கையாண்டனர். முடியை அகற்றுதல், சுத்தம் பேணுதல், சீழ் கட்டினால் மட்டும் சிறிதாகக் கீறி வெளியேற்றுதல், இவ்வளவே. 17 ஆண்டுகளில் வெட்டியகற்றும் சத்திரசிகிச்சை 23 மட்டுமே தேவைப்பட்டது என 1994இல் வெளியான ஆய்வு கூறியது.

நீங்கள் செய்யக்கூடியவை

• முதலில் வைத்தியரிடம் காட்டி, இந்நோய்தானா என்று உறுதிசெய்யுங்கள். பெண் வைத்தியர் அல்லது தாதி உடனிருக்க வேண்டுமெனக் கேட்கத் தயங்காதீர்கள்.
• புண்ணைச் சுற்றியுள்ள முடியை, ஆறும்வரை வாரம் ஒருமுறை அகற்ற வேண்டும். கை எட்டாத இடம் ஆதலால் அம்மாவோ சகோதரியோ உதவட்டும். யாருமில்லையேல் கிளினிக் தாதியிடம் கேளுங்கள்.
• தினமும் கழுவி, ஈரமின்றித் துடையுங்கள். தலைமுடித் துண்டுகளும் அங்கு சேரலாம். குளித்தபின் முதுகையும் நன்கு துடையுங்கள்.
• நெடுநேரம் ஒரே இருப்பில் இராமல், இடையிடையே எழுந்து நடவுங்கள்.
• சாம்பல், மஞ்சள், பச்சிலை எதையும் துளையில் வைக்காதீர்கள். நீங்களே பிதுக்கவும் வேண்டாம்.

வீக்கம், கடும் வலி, காய்ச்சல் இருந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கட்டிய சீழை மாத்திரையால் மட்டும் மாற்ற முடியாது. கீறி வெளியேற்றவே வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது. மீண்டும் மீண்டும் வந்தால் சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

ஆரம்பத்திலேயே காட்டினால் பெரிய வெட்டைத் தவிர்க்கும் வாய்ப்பு அதிகம். உங்கள் உழைப்பை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. சகோதரிகளே, வெட்கத்தை விடுங்கள், வலியைச் சுமக்காதீர்கள்.