தலைமுறை தாண்டும் பணம்

குன்னூருக்குப் போனவர்கள் அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தைப் பார்த்திருப்பார்கள். வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை அளிக்க 1907-இல் தொடங்கப்பட்ட அந்த இடம் உருவாகப் பணம் கொடுத்தவர் ஒரு அமெரிக்கர், ஹென்றி ஃபிப்ஸ். வைஸ்ராய் கர்சனிடம் அவர் தந்த நன்கொடையில்தான் பீகாரின் பூசாவில் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் எழுந்தது. அதே 1907-இல் அவர் தம் சொந்தக் குடும்பத்துக்காக இன்னொன்றையும் தொடங்கினார். அதன் பெயர் பெஸ்ஸமர் டிரஸ்ட். பெருஞ்செல்வக் குடும்பங்களின் பணத்தை நிர்வகிக்கும் நிறுவனமாக அது இன்றும் நியூயார்க்கில் இயங்குகிறது. ஃபிப்ஸின் வாரிசுகளே இன்றும் அதன் உரிமையாளர்கள்.

ஃபிப்ஸின் அப்பா செருப்புத் தைப்பவர். ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் அவரிடம் வேலை வாங்கி வீட்டிலேயே தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினார். அந்தப் பெண்மணியின் மகன் ஆண்ட்ரூ கார்னகி. பிள்ளைகள் இருவரும் வளர்ந்து கூட்டாளிகளானார்கள். உருகிய இரும்புக்குள் காற்றைச் செலுத்தி எஃகாக்கும் ஹென்றி பெஸ்ஸமரின் முறை அவர்களைக் கோடீஸ்வரர்களாக்கியது. 1901-இல் வங்கியாளர் ஜே.பி. மார்கன் அவர்களுடைய ஆலைகளை 48 கோடி டாலருக்கு வாங்கினார். அதுவரை உலையும் தண்டவாளமுமாக இருந்த ஃபிப்ஸின் சொத்து ஒரே நாளில் வெறும் காகிதமாக, பத்திரமாக மாறியது. பெஸ்ஸமர் டிரஸ்ட் பிறக்கக் காரணமான சிக்கல் இதுதான். ஆலையை நடத்தத் தெரிந்தவருக்குப் பத்திரக் கட்டை நடத்தத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஃபிப்ஸுக்கு ஐந்து பிள்ளைகள். ஆளுக்கு மூன்று என்று வைத்தால் பேரப்பிள்ளைகள் 15 பேர், அடுத்த தலைமுறையில் 45 பேர். பணம் அப்படியே இருந்தால்கூட ஒவ்வொருவர் பங்கும் தேய்ந்துகொண்டே போகும்.

1970-களில் மற்றக் குடும்பங்களுக்கும் தன் கதவைத் திறந்தது பெஸ்ஸமர். வழக்கறிஞர், கணக்காளர், முதலீட்டு வல்லுநர் என ஒரு முழு அலுவலகத்தை ஒரே குடும்பம் தாங்குவதைவிடப் பல குடும்பங்கள் சேர்ந்து தாங்கினால் செலவு குறையும் என்பது எளிய கணக்கு. இதே தொழிலில் உள்ள பல நிறுவனங்கள் பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், தர்ம அமைப்புகள் ஆகியவற்றின் மூலநிதியையும் பார்த்துக்கொள்கின்றன. குடும்பமும் கல்லூரியும் ஒரே வாசலுக்கு வருவது விந்தையாகத் தோன்றலாம். இரண்டுக்கும் தேவை ஒன்றே: இன்று உயிரோடிருக்கும் எவருடைய ஆயுளையும் தாண்டிப் பணம் நீடிக்க வேண்டும்.

இந்தத் தொழிலின் சட்ட அடித்தளமே குடும்பமும் நிறுவனமும் மோதிய ஒரு வழக்கில்தான் கிடைத்தது. பாஸ்டனைச் சேர்ந்த ஜான் மக்லீன் 1823-இல் இறந்தபோது 50,000 டாலரை இரண்டு டிரஸ்டிகளிடம் ஒப்படைத்திருந்தார். வருமானம் மனைவிக்கு, அவர் காலத்துக்குப் பிறகு அசல் ஹார்வர்டு கல்லூரிக்கும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கும். டிரஸ்டிகள் ஆலைகளின் பங்குகளிலும் காப்பீட்டு நிறுவனப் பங்குகளிலும் பணத்தைப் போட்டார்கள். மனைவிக்கு நல்ல வருமானம் வந்தது, பங்குகளின் மதிப்போ சரிந்தது. நஷ்டத்தை டிரஸ்டிகளே ஈடுகட்ட வேண்டும் என்று ஹார்வர்டு வழக்குத் தொடுத்தது. 1830-இல் நீதிபதி சாமுவேல் புட்னம் டிரஸ்டிகள் பக்கம் தீர்ப்பளித்தார். எந்த முதலீட்டிலும் ஆபத்து உண்டு. விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பணத்தை, சூதாடும் எண்ணமில்லாமல், நீண்ட காலத்துக்கு எப்படிக் கையாள்வாரோ அப்படிக் கையாண்டார்களா என்பதே கேள்வி என்றார். விளைவை வைத்து மட்டும் குற்றம் காணாமல், முடிவெடுத்த விதத்தைப் பார்க்கச் சொன்ன இந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால், பிறர் பணத்துக்குப் பொறுப்பேற்க நேர்மையான ஒருவரும் துணிந்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

இப்படி ஒரு நிறுவனத்தில் என்னதான் நடக்கிறது? நல்ல பங்கைக் கண்டுபிடிப்பதே முக்கிய வேலை என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் முதல் வேலை, எவ்வளவு செலவழிக்கலாம் என்று தீர்மானிப்பது. ஒரு கல்லூரி ஆண்டுதோறும் தன் நிதியில் 4 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது; பணவீக்கம் 3 சதவீதம்; நிர்வாகச் செலவு 1 சதவீதம். நிதி தேயாமல் இருக்கவே ஆண்டுக்கு 8 சதவீதம் ஈட்டியாக வேண்டும். வங்கி வைப்பில் மட்டும் பணத்தைப் பூட்டி வைத்தால் பெரும்பாலும் இது நடக்காது. பங்குகள் வேண்டும். பங்குகள் வேண்டுமென்றால் சரிவையும் தாங்க வேண்டும். ஆகவே, மதகைத் திறக்கும் அளவை மழையைப் பார்த்து நாளுக்கு நாள் மாற்றாமல் ஏரியின் நீண்டகால வரத்தைப் பார்த்து வகுப்பதுபோல, செலவுக்கும் ஒரு விதி வகுக்கிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் விதி புகழ்பெற்றது. பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் டோபினுக்கும் அதை வகுத்ததில் பங்குண்டு. இந்த ஆண்டுச் செலவில் 80 சதவீத எடை சென்ற ஆண்டுச் செலவுக்கு, விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்து. மீதி 20 சதவீத எடை நிதியின் மதிப்பில் ஒரு குறித்த சதவீதத்துக்கு. சந்தை திடீரென விழுந்தாலும் பேராசிரியர் சம்பளமும் மாணவர் உதவித்தொகையும் திடீரென விழாது.

முதலீட்டைப் பிரித்துப் போடுவது அடுத்த வேலை. ஒன்றோடொன்று சேர்ந்து விழாத முதலீடுகளைக் கலந்தால், மொத்த வருமானத்தை அதிகம் இழக்காமல் ஆட்டத்தைக் குறைக்கலாம் என்பதைப் பொருளாதார அறிஞர் ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-இல் கணிதமாக எழுதிக் காட்டினார். யேலில் 1985 முதல் நிதியை நடத்திய டேவிட் ஸ்வென்சன் இதை வெகுதூரம் கொண்டுபோனார். தனியார் நிறுவனங்கள், காடுகள், கட்டடங்கள் என எளிதில் விற்க முடியாதவற்றில் பெரும்பகுதியைப் போட்டார். காத்திருக்கக்கூடியவருக்குக் காத்திருப்பதற்கே ஒரு கூலி கிடைக்கும் என்பது அவர் வாதம். அவர் பொறுப்பேற்றபோது 130 கோடி டாலர் அளவில் இருந்த நிதி 2020-இல் 3,100 கோடி டாலரைத் தாண்டியது.

எல்லாரும் அவரைப் பின்பற்றினார்கள். அதன் மறுபக்கம் 2008 நிதி நெருக்கடியில் தெரிந்தது. 2009 ஜூனுடன் முடிந்த ஆண்டில் யேல் நிதி 24.6 சதவீதம் சரிந்தது. ஹார்வர்டிடம் உலகிலேயே பெரிய பல்கலைக்கழக நிதி இருந்தும் கையில் ரொக்கம் இல்லை. 250 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட வேண்டிவந்தது. சொத்து இருப்பதும் வேண்டியபோது பணம் எடுக்க முடிவதும் வேறு வேறு. நல்ல நிறுவனங்கள் இன்று வாடிக்கையாளரிடம் முதலில் கேட்பது, எப்போது எவ்வளவு தேவைப்படும் என்பதைத்தான்.

குடும்பங்களுக்கு இதற்குமேல் வரிச் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் தர்ம அமைப்புகளும் கல்லூரிகளும் பெரும்பாலும் வருமான வரி கட்டுவதில்லை. குடும்பமோ லாபத்தில் ஒன்றை விற்றால் வரி கட்ட வேண்டும். அதனால் ஒரே நிறுவனம் ஒரே நாளில் கல்லூரியிடம் விற்கச் சொல்லும் பங்கைக் குடும்பத்திடம் வைத்திருக்கச் சொல்லலாம். அதில் முரண்பாடு இல்லை. வரியைவிடக் கடினமானது, சொத்தைச் சம்பாதிக்காத மூன்றாம் தலைமுறைக்குக் கணக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது. உயில், கூட்டுச் சொத்து, தம்பியின் விவாகரத்து, யாருக்கு எவ்வளவு கேட்க உரிமை என்ற சச்சரவு எல்லாம் இதே மேசைக்குத்தான் வருகின்றன.

பணத்தைப் பற்றி முடிவெடுப்பவர் அதைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்பது இத்தொழிலின் மிக முக்கியமான பாதுகாப்பு. பங்குகளும் பத்திரங்களும் கஸ்டோடியன் எனப்படும் தனிக் காப்பு நிறுவனத்திடம் இருக்கும்; அது தன் அறிக்கையை வாடிக்கையாளருக்கு நேரடியாக அனுப்பும். முதலீட்டு மோசடி செய்த பெர்னார்ட் மேடாஃபின் வழக்கில் இந்தச் சுவர் இல்லை. முடிவெடுத்ததும், பணத்தை வைத்திருந்ததும், அறிக்கை எழுதியதும் அவர் அலுவலகமே. நடக்காத வியாபாரங்களை ஆண்டுக்கணக்கில் காகிதத்தில் காட்ட முடிந்தது. 2008 டிசம்பரில் அவர் கைதானபோது குடும்பங்களோடு தர்ம அமைப்புகளும் சேர்ந்து மூழ்கின.

கட்டணம் வழக்கமாக நிர்வகிக்கும் தொகையில் ஒரு சதவீதக் கணக்கு. 1 சதவீதம் சிறிதாகத் தெரியும். 100 டாலர் ஆண்டுக்கு 6 சதவீதம் வளர்ந்தால் 30 ஆண்டுகளில் 574 ஆகும்; கட்டணம் போக 5 சதவீதம் வளர்ந்தால் 432. கால் பங்கு கரைந்துவிட்டது. இது தவிர, சில நிறுவனங்கள் தாங்களே தயாரித்த முதலீட்டுத் திட்டங்களை வாடிக்கையாளருக்கு விற்று அதிலும் ஒரு பங்கு எடுக்கின்றன. இப்படி இரண்டு முறை கூலி வாங்கும் நிறுவனத்தின் ஆலோசனையை, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், குடும்பத்தின் சொந்த வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே ஏற்க வேண்டும்.